தம்பியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒற்றை வரி

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 27. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. அவருடைய அப்பாவுக்கு 24 வயதில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் வந்தது. யாருமில்லாதபோதும் காதில் பேச்சுக் குரல் கேட்கும். பங்காளிகள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்பார். அதை மறைத்துத்தான் அவருக்குக் கல்யாணம் செய்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையை நிறுத்த, நோய் மறுபடி முற்றியது. குணசீலம் கோயில், ஏர்வாடி தர்கா என்று கூட்டிக்கொண்டு அலைந்தார்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தோட்டத்துச் சாளையில் கட்டுத்தரையை ஒட்டிய அறையில் சில மாதம் சங்கிலி போட்டும் வைத்திருந்தார்கள். கணுக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் ஒழுங்காக மருந்து சாப்பிடத் தொடங்கினார். இப்போது விடியற்காலையில் எழுந்து பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது அவர்தான். அப்பத்தாவும் மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததாகச் சொல்வார்கள்.

இப்போது வாசகிக்கு இரண்டு இடங்கள் வந்திருக்கின்றன. ஒன்று அத்தை மகன். எல்லாம் தெரிந்த வீடு, மறைக்க எதுவுமில்லை. இன்னொன்று பொள்ளாச்சிப் பக்கம், வெளியிடம். அங்கே அப்பாவின் நோயைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்கிறார் அம்மா. "நான் தெரியாம வந்து குடும்பம் நடத்தலியா?" என்று கேட்கிறாராம். ஒரம்பரைகளோ (உறவுக்காரர்கள்), அது பரம்பரைச் சீக்கு என்று காதுபடவே பேசுகிறார்கள். வாசகிக்கு இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கம்பெனி பஸ்ஸில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. எனக்கும் தொடங்கிவிட்டதா, என் பிள்ளைகளுக்கு வருமா, யாரைக் கட்டிக்கொள்வது, சொல்வதா மறைப்பதா என்று கேட்டிருக்கிறார்.

மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் இப்படி ஒரு வரியும் இருக்கிறது: "தம்பி கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான், 20 வயது, ஹாஸ்டலில் கஞ்சா பழகிவிட்டான் போல, பொங்கல் லீவுக்கு வந்தவன் ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணியை அடைத்துவிட்டு எதிர்வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான், அது வேறொரு கவலை."

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை முடித்ததுமே திரும்பிப் போனது அந்த ஒற்றை வரிக்குத்தான். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். கல்யாணப் பேச்சு இரண்டு மாதம் பொறுக்கும். தம்பி விஷயம் பொறுக்காது.

முதலில் தம்பி

சைக்கோசிஸ் எனப்படும், நடப்பு எது கற்பனை எது என்று பிரித்தறிய முடியாத நிலை, ஆண்களுக்குப் பெரும்பாலும் 18 முதல் 25 வயதுக்குள் தலைகாட்டுகிறது. மனச்சிதைவு அதில் ஒரு வகை. உங்கள் அப்பாவுக்கு 24. தம்பிக்கு இப்போது 20. அப்பாவுக்கு நோய் இருந்ததால் அவனுக்கு ஏற்கெனவே அந்த நோயின் பக்கம் ஓரளவு சாய்வு உண்டு. அதன் மேல் கஞ்சாவும் சேர்ந்திருக்கிறது.

கஞ்சாவை மூலிகை, சாமியார் குடிப்பது, சாராயத்தைவிட மேல் என்று சொல்லும் பையன்களை வாராவாரம் பார்க்கிறேன். ஸ்வீடனில் ராணுவப் பயிற்சிக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் முடிவை வெளியிட்டார்கள். சேரும்போதே ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா அடித்திருந்தவர்களுக்கு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக மனச்சிதைவு வந்திருந்தது. 2019இல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் செய்த ஆய்வில், தினமும் புகைப்பவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. வீரியம் கூடிய வகையைத் தினமும் எடுப்பவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. புகைக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, அதுவும் உண்மை. அதனால்தான் "என் ரூம்மேட்டுக்கு ஒண்ணும் ஆகலியே" என்று உங்கள் தம்பி சொல்வான். ரூம்மேட்டின் அப்பாவுக்கு இந்த நோய் இல்லாமல் இருக்கலாம். காய்ந்த சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் பீடி பற்றவைப்பதும் ஈர வரப்பில் நின்று பற்றவைப்பதும் ஒன்றல்ல.

ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தான் என்பதைக் கேட்டதும் நோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இப்படி லேசான அறிகுறிகளோடு வருபவர்களில் அடுத்த மூன்று ஆண்டுக்குள் முழு நோயாக மாறுவது சுமார் நாலில் ஒருவருக்குத்தான். கஞ்சாவை விட்டு, தூக்கம் சரியானதுமே தெளிந்துவிட்ட பையன்களும் உண்டு. ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. நோயாக இருந்தால், தொடங்கியதற்கும் வைத்தியத்துக்கும் இடையில் நாள் கூடக்கூடக் குணமாவது கடினமாகிறது. உங்கள் அப்பாவுக்கு அப்படி எத்தனை வருஷம் போனது என்று எண்ணிப் பாருங்கள்.

எப்படிக் கூட்டிவருவது? அவன் அக்கா பேச்சைத்தான் கேட்பான் என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கையிலிருக்கும் பெரிய பலம். "உனக்கும் அப்பா மாதிரி ஆயிடுச்சு" என்று தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும். எதிர்வீட்டார் பேசுகிறார்கள் என்று அவன் சொன்னால், இல்லவே இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். "அப்படி நினைச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தா உடம்பு என்னாகும், தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம் வா, நானும் எனக்காகப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, நீங்களும் பார்க்க வேண்டியவர்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கல்லூரிக்குத் தெரிந்துவிடும், போலீசுக்குப் போய்விடும் என்ற பயம் அவனுக்கு இருக்கும். 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, வைத்திய விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. கஞ்சா அடித்தேன் என்று டாக்டரிடம் சொன்னதற்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. இதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காதில் குரல் கேட்டு அது ஏதாவது செய்யச் சொன்னாலோ, இரண்டு மூன்று நாள் தூங்காமலே இருந்தாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ, சமாதானம் பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களைப் பூட்டி, சாவியை அம்மா வைத்துக்கொள்ளட்டும். இதை இன்றைக்கே செய்துவிடலாம், எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பரம்பரைச் சீக்கு என்கிறார்களே

இனி உங்கள் கேள்வி. ஒரம்பரைகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் உங்களை மூன்று மணிக்கு எழுப்புகிறது. அதனால் கணக்கைத் திறந்தே வைக்கிறேன்.

சாதாரணமாக 100 பேரை எடுத்தால் வாழ்நாளில் ஒருவருக்கு மனச்சிதைவு வரலாம். தாய் தந்தையில் ஒருவருக்கு இருந்தால்? டென்மார்க்கில் நாட்டு மக்கள் அத்தனை பேரின் மருத்துவப் பதிவையும் வைத்து 2010இல் வெளியான கணக்குப்படி, 100க்கு 7. இர்விங் காட்ஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் பழைய ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்தபோது 13 என்று வந்தது. இரண்டில் கூடுதலானதையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 100இல் 87 பேருக்கு வரவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தொகுப்பில் 100க்கு 5. உங்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தை அந்தக் கணக்கில் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மரபணு அப்படியே ஒன்று. அதில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழப் பாதி தடவைதான். மரபணு மட்டுமே தலையெழுத்து என்றால் நூற்றுக்கு நூறு வந்திருக்க வேண்டும். மீதிப் பாதியில் வயிற்றிலிருந்தபோது தாய் பட்ட பசி, பிரசவச் சிக்கல், சிறுவயதில் பட்ட அடி, கஞ்சா, இன்னும் எத்தனையோ இருக்கின்றன. 1944–45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம் உச்சத்திலிருந்தபோது கருவாகியிருந்த குழந்தைகளுக்கு, வளர்ந்தபின் மனச்சிதைவு இரண்டு மடங்கு வந்தது. ஒரு நாட்டின் மரபணு ஒரே குளிர்காலத்தில் மாறிவிடாது.

நோயாளியின் வீட்டாரிடம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டதும், அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "எங்க பக்கம் யாருக்கும் இல்லீங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள். கேள்வியே குற்றச்சாட்டாக விழுந்துவிடுகிறது. சர்க்கரை நோய் யாருக்கு என்று கேட்டால் நாலு தலைமுறையைச் சொல்லுகிற அதே வீடு இது. சர்க்கரைக்கும் இதற்கும் மரபின் வழி ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே ஒரு கெட்ட மரபணு கிடையாது. 2022இல் உலகளவில் நடந்த பெரிய ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் சாய்க்கிறது. அந்தத் துளிகளில் சில என்னிடமும் இருக்கும், உங்களைப் பேசுகிற ஒரம்பரையிடமும் இருக்கும். ஆகவே ரத்தப் பரிசோதனை செய்து, வரும் வராது என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் இரண்டு நம்பிக்கைகளையும் எழுதியிருந்தீர்கள். மஞ்சக்காட்டுக்கு மருந்தடித்துத்தான் அப்பாவுக்கு மூளை கெட்டது என்பது ஒன்று. பூச்சிமருந்து நச்சேறியவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. மூக்கு வாயை மூடாமல் மருந்தடிக்கக் கூடாதுதான். ஆனால் பல வருஷம் நீடித்த மனச்சிதைவுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. தம்பியைக் கோவைக்கு அனுப்பியதுதான் தப்பு என்பது மற்றது. வட ஐரோப்பாவில் பெருநகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்நோய் கூடுதல் என்பது உண்மை. ஆனால் இந்தியா போன்ற 42 நாடுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. கோவையைத் திட்ட வேண்டாம். ஹாஸ்டல் அறையில் என்ன புகைகிறது என்று பார்த்தால் போதும்.

பின்லாந்தில் மனச்சிதைவுள்ள தாய்மாருக்குப் பிறந்து, வேறு வீடுகளுக்குத் தத்துப்போன குழந்தைகளை வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். எரிச்சலும் ஏச்சும் மிகுந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வந்தது. மனம்விட்டுப் பேசுகிற, அமைதியான வீடுகளில் வளர்ந்தவர்களில் வெகு குறைவு. உங்கள் வீட்டில் தம்பியோடு எந்தக் குரலில் பேசுகிறீர்கள் என்பதுகூட வைத்தியத்தில் சேரும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அத்தை வீடா, வெளியிடமா

அத்தை வீட்டில் மறைக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தை நன்றாக இருக்கிறார் என்பதால் அந்தப் பக்கம் சாய்வே இல்லை என்று ஆகாது. அத்தை உங்கள் அப்பாவின் உடன்பிறப்பு. அதே அப்பத்தாவின் மகள். இருவருக்கும் மரபணுவில் சராசரியாகப் பாதி பொது. நீங்களும் அத்தை மகனும் கட்டிக்கொண்டால், குழந்தைக்கு அந்த ஒரே வழிச் சாய்வு இரண்டு பக்கமிருந்தும் வரலாம். மாமன் மகனாக இருந்தால் இந்தக் கணக்கு வேறு. உங்கள் அப்பா வழி அவருக்கு வராது. இது போக, நெருங்கிய உறவில் கட்டினால் மனநோயல்லாத பிறவிக் குறைபாடுகளும் கூடுகின்றன. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்த குழந்தைகளை வைத்து 2013இல் வந்த ஆய்வில், 100க்கு 3 என்பது 6 ஆனது. பெரும்பான்மைக் குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. ஆனாலும் என்னிடம் கேட்டதால் சொல்கிறேன்: மறைக்க வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக அத்தை மகனைக் கட்டாதீர்கள். உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்று கடிதத்தில் எங்குமே இல்லை.

சொல்வதா, மறைப்பதா

சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. சட்டத்தைப் பொறுத்தவரை, 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மணமக்களின் மனநிலையைத்தான் பார்க்கிறது. பெண்ணின் தகப்பனாருக்கு நோய் இருந்தது என்பது கல்யாணத்துக்குத் தடை இல்லை. உங்களுக்கே கடுமையான நோய் இருந்து அதை மறைத்தால் கதை வேறு, 12ஆம் பிரிவின்படி வழக்குக்குப் போகலாம். இதற்குமேல் சட்டம் வேண்டுமென்றால் வக்கீலைக் கேளுங்கள்.

நான் யோசிப்பது உங்கள் அம்மாவைப் பற்றி. மறைத்துக் கட்டிவைக்கப்பட்ட வீட்டுக்குத் தெரியாமல் வந்து, கைக்குழந்தையோடு நின்று, புருஷன் காலில் சங்கிலியைப் பார்த்தவர் அவர். "குடும்பம் நடத்தலியா" என்று அவர் சொல்லுகிற அந்த வார்த்தைக்குள் எவ்வளவு வெசனம் இருக்கும்! அவரோடு சண்டை போடாதீர்கள். ஆனால் விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அப்பா மாத்திரையை நிறுத்தியபோதே அம்மா கண்டுபிடித்திருப்பாரே, சங்கிலி வரை போயிருக்காதே என்று ஒருநாள் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். மறைத்ததன் விலையைக் கொடுத்தது அவரும் அப்பாவும்தான். சங்கிலி போட்டவர்களும் ஈவிரக்கமில்லாமல் போட்டிருக்க மாட்டார்கள், வேறு வழி தெரியாமல் போட்டிருப்பார்கள். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்றைக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வகையிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போங்கள், மாத்திரையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது? ஜாதகம் பொருந்தியதும் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். பேச்சு உறுதியாகும் கட்டத்தில், நிச்சயத்துக்கு முன், மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லலாம். "அப்பாவுக்கு இளவயசுல மனச்சிதைவு வந்துச்சு, தொடர்ந்து மருந்து சாப்பிடுறார், இன்னிக்கு நாலு மாட்டைப் பார்த்துக்கிறார்." இவ்வளவு போதும். அவருக்குச் சந்தேகமிருந்தால் ஏதாவது ஒரு மனநல மருத்துவரைச் சேர்ந்தே வந்து பாருங்கள், இந்தக் கணக்கையெல்லாம் அவருக்கும் சொல்வார்கள். கேட்டதும் எழுந்து போகிற வீடென்றால், நாளைக்குப் பிரசவம் முடிந்து நீங்கள் பத்து நாள் அழுதால் அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பது இப்போதே தெரிந்துவிடும்.

உங்கள் மூன்று மணி விழிப்பு

நீங்கள் எழுதியிருப்பதில் குரல் கேட்பதோ, யாரையும் அஞ்சுவதோ இல்லை. விடியலுக்கு முன்பே விழிப்பு, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை, இரண்டு மாதம். இது மனச்சோர்வு நோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்பாவின் நோய் உங்களுக்குத் தொடங்கிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மனச்சோர்வில் மரபின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் இரண்டு மூன்று மடங்கு கூடும். மீதியெல்லாம் வாழ்க்கை தருவது. ஷிப்மென்ட் தேதி, அம்மாவின் கெடுபிடி, தம்பி, ஒரம்பரை வாய், எல்லாவற்றையும் ஒரே தோளில் வைத்திருக்கிறீர்கள். பேச்சு வழி சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, இரண்டுக்கும் இது நன்றாகவே கேட்கும். தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி காட்டும், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அப்பத்தாவுக்கு நடந்தது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருந்திருக்கலாம். அதனால் நீங்கள் கருவுற்றால், பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் அப்பத்தா, அப்பா இரண்டு பேரின் விவரத்தையும் சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்த முதல் சில வாரம் ராத்திரியில் உங்களுக்குத் தொடர்ந்து நாலைந்து மணி நேரமாவது தூக்கம் கிடைக்க யார் கூட இருப்பார்கள் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். குழந்தை பெறவே கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனையிலும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. அப்பாவின் மாத்திரையும் அரசு மருத்துவமனையிலேயே வாங்கலாம், நிறுத்திவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அடுத்த சனிக்கிழமை தம்பி ஊருக்கு வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, உங்களுக்கும் அவனுக்கும் சேர்த்து ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். அப்பாவின் பழைய மருந்துச் சீட்டுகள் எந்த டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் தேடி எடுத்துப் போங்கள். எந்த மாத்திரை அப்பாவுக்குக் கேட்டது என்பது தம்பியைப் பார்க்கும் டாக்டருக்கு மிகவும் உதவும். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப்போங்கள். கஞ்சாவை ஏன் விட வேண்டும் என்று தம்பியிடம் அவர் ஒரு வார்த்தை பேசினால் நான் இங்கே எழுதிய அத்தனையையும்விட அது அவனுக்கு ஏறும்.